சோழகக் காலத்தில் மலையாறுகளோடு ஒன்பது நாட்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆறு என்பது பெரும்பாலும் பாடப்புத்தகத்தில் படித்த ஒன்று. எங்களுக்கென்று இருக்கும் வழுக்கையாறு மாரி மழை கனத்துப் பெய்தால் ஓடும். பங்குனி வெயில் வரும்போது வயல்களுக்கு நடுவே வெறும் பள்ளமாகக் கிடக்கும். எங்கள் நீர் நிலத்துக்கு அடியில், சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் இருக்கிறது. கிணற்றில் வாளியை விட்டு அள்ளியே வாழ்ந்த எனக்கு, ஓடும் நீரின் ஓசையைக் கேட்டபடி உறங்கும் வாய்ப்பு 58 வயதில்தான் கிடைத்தது.

கனடாவில் இருக்கும் தம்பி 2024 ஆடி மாதத்தில் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தான். அங்கே கோடை விடுமுறையில் படுக்கையும் அடுப்பும் கொண்ட வாகனத்தில் குடும்பமாக மலைப்பகுதிகளுக்குச் சென்று ஆற்றங்கரைகளில் தங்குவார்களாம். இங்கேயும் அப்படிப் போகலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் வீடு திரும்பிவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு என் மனைவி சம்மதித்தார். ஒன்பது நாட்கள், எட்டு இரவுகள், ஆயிரம் கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான ஓட்டம். அதில் சரியாகச் செய்தவற்றையும் பிழையாகச் செய்தவற்றையும், எங்களைப் போல ஆறு பழகாத குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

வாகனம் எங்களுடைய பழைய டீசல் டொல்பின் வான். அதன் பின் இருக்கைகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, உறுதியான நான்கு மரப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி, அவற்றின்மேல் இரண்டு பலகைகளைப் போட்டுப் பஞ்சு மெத்தை விரித்தோம். உடைகளும் பாத்திரங்களும் பெட்டிகளுக்குள் அடங்கின. வாகனத்தின் உடலில் எதையும் துளையிட்டுப் பொருத்தவில்லை. திரும்பி வந்த மறுநாள் இருக்கைகளை மீண்டும் பூட்டிவிடலாம் என்பது ஒரு காரணம், வாகனத்தின் அமைப்பை மாற்றினால் அனுமதி பெற வேண்டிவரும் என்பது மற்றொன்று. ஓட்டத்தில் பெட்டிகள் நகராதபடி இருக்கைக் கொளுவிகளோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். அதைச் செய்யாதிருந்தால் முதல் வளைவிலேயே பலகை பிள்ளைகளின் காலில் விழுந்திருக்கும்.

புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன் வானைக் கிளிநொச்சியில் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்தில் மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த இளைஞரின் பெற்றோர் 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் குடியேறியவர்கள் என்பதும், அவர் உறவினரைப் பார்க்க ஆண்டுதோறும் மலைக்கு வாகனம் ஓட்டிச் செல்பவர் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் தட்டை நிலத்தில் நாற்பது ஆண்டுகள் ஓட்டியவருக்கும் மலை இறக்கத்தில் பிறேக் என்ன பாடுபடும் என்பது தெரியாது என்று அவர் சொன்னார். பிறேக் கட்டைகளையும் பிறேக் எண்ணெயையும் மாற்றினார். றேடியேற்றரைக் கழற்றிக் கழுவினார். எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம், அதை றேடியேற்றருக்கு ஊற்றக் கூடாது என்று எச்சரித்தார். புசல்லாவைக்கு அப்பால் இறம்பொடை வழியில் உள்ள ஒரு தோட்டத்தில் வசிக்கும் தன் தாய்மாமனுக்குத் தொலைபேசியில் சொல்லி, எங்களை அங்கே தங்கவைக்கவும் ஏற்பாடு செய்தார். அந்த ஏற்பாடு எவ்வளவு பெறுமதியானது என்பதைப் பயணத்தின் மூன்றாம் நாள் உணர்ந்தேன்.

பாதையைத் தீர்மானித்தது காற்று. வைகாசி முதல் புரட்டாசி வரை யாழ்ப்பாணத்தில் புழுதியைக் கிளப்பி, உதட்டை வெடிக்கவைத்து வீசுகிற சோழகக் காற்றுத்தான் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் பெருமழையைக் கொட்டுகிறது. கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் அந்தக் காற்று மலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து கினிகத்தேனை, வட்டவளை, ஹற்றன் பக்கமெல்லாம் மழையாகிறது. நடு மலையைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரத்தை இழந்து உலர்ந்துவிடுகிறது. ஆகவே ஆடி மாதத்தில் மேற்கே அருவிகள் நிறைந்திருக்கும், ஆனால் ஆறுகளை நம்ப முடியாது. கிழக்கே வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் வானம் தெளிந்திருக்கும், ஆறுகள் மெலிந்து அடங்கியிருக்கும். மார்கழி, தை மாதங்களில் செல்பவர்களுக்கு நிலைமை தலைகீழானது. வாடைக் காற்றின் மழை கிழக்குச் சரிவுகளில்தான் விழும். கித்துல்கலைக்குப் போய்க் களனி கங்கையில் மிதவைப் படகில் செல்ல வேண்டும் என்பது தம்பியின் பெரிய ஆசை. அந்தப் பருவத்தில் வேண்டாம் என்று நான் மறுத்ததில் அவனுக்குச் சிறிது மனத்தாங்கல் இருந்தது. மேற்கில் இரண்டு இரவு, நுவரெலியாவில் ஒன்று, ஊவாவில் மூன்று என்று பிரித்துக்கொண்டோம். எஞ்சியவை போகவும் வரவும்.

அதிகாலை நாலரைக்குப் புறப்பட்டு ஆனையிறவில் விடியலைப் பார்த்தோம். மாங்குளப் பக்கத்தில் கனகராயன் ஆற்றைக் கடந்தபோது அது மணலும் புல்லுமாகக் கிடந்தது. தம்புள்ளைக்குப் பின் சாலை ஏறத் தொடங்கியது. பிற்பகலில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் வழிபட்டு, ஊரின் ஓரத்தில் ஒரு சிறிய விடுதியின் வளவில் வானை நிறுத்தினோம். அன்று மாலை சுது கங்கையின் கரையில் நின்றபோது பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொன்னேன். கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் 1976 முதல் மகாவலியின் நீரில் ஒரு பகுதியை மறித்து, மலைக்கு அடியில் சுமார் 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்கு அனுப்பி, இந்தச் சுது கங்கையில் விடுகிறார்கள். அது மேலும் வடக்கே சென்று வறண்ட வலயத்துக் குளங்களை நிரப்புகிறது. நாங்கள் தெற்கு நோக்கி வந்த சாலையின் பக்கமாக மகாவலி நீர் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது என்பது மூத்தவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு பாலத்திலும் இது எந்த ஆற்றின் நீர் என்று கேட்கத் தொடங்கினான்.

அந்தச் சாலையில் எனக்கு வேறொரு நினைவும் இருந்தது. தமிழகத்திலிருந்து தொழிலாளராக வந்து தலைமன்னாரில் கரையிறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்து தோட்டங்களைத் திறந்தவர்களின் பாதை இங்கேதான் மலையில் ஏறுகிறது. நோயிலும் பசியிலும் வழியிலேயே பலர் இறந்தார்கள். அவர்கள் வரத் தொடங்கி 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணமும் நடந்தது. நாங்கள் மெத்தை போட்ட வானில் சென்ற அந்த ஏற்றத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் பேராதனையில் மகாவலியைக் கடந்து கம்பளை, புசல்லாவை வழியாக ஏறினோம். வலப்பக்கம் கொத்மலை நீர்த்தேக்கம் பரந்து கிடந்தது. 1985இல் 87 மீற்றர் உயரமான அணையால் கொத்மலை ஓயா மறிக்கப்பட்டபோது பல ஊர்கள் நீருக்குள் போயின. மாலை மூன்று மணியளவில் தோட்டத்தை அடைந்தோம். மெக்கானிக்கின் மாமா எழுபது வயதைக் கடந்தவர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயன் வரிசையின் முன்னே, ஓடையிலிருந்து நன்கு உயர்ந்த ஒரு சமதரையில் வானை நிறுத்தச் சொன்னார். நான் கீழே ஓடையை ஒட்டியிருந்த புல்வெளியைக் காட்டி, அது அழகாக இருக்கிறதே என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என்னை அழைத்துச் சென்று, புல்வெளியின் ஓரத்து மரங்களில் என் இடுப்பு உயரத்தில் சிக்கியிருந்த சருகுகளையும் கிழிந்த பிளாஸ்ரிக் பையையும் காட்டினார். நீர் அங்கே வரை வந்து போயிருக்கிறது. ஆற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்று பார்த்த எனக்கு, எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த நாள் காலை வெயில் தெளிவாக இருந்தது. தம்பியும் பிள்ளைகளும் ஓடையின் நடுவே இருந்த அகன்ற பாறையில் ஏறி அமர்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் மனைவியும் கரையில் நின்றோம். முழங்கால் அளவு நீர், அடியில் கூழாங்கல் தெரியும் தெளிவு. கீரிமலைக் கேணியில் நீந்தப் பழகிய எங்களுக்கு அதில் அஞ்ச எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. பத்து மணியிருக்கும். மேலே லயன் பக்கத்திலிருந்து அந்த ஐயா உரத்த குரலில் கூப்பிட்டார்: “மேல மழை புடிச்சிருச்சுங்க, புள்ளைங்கள ஒடனே ஏறச் சொல்லுங்க!” எங்கள் தலைக்கு மேல் ஒரு மேகமும் இல்லை. தம்பி இன்னும் ஐந்து நிமிடம் என்று கையைக் காட்டினான். ஐயா படிகளில் இறங்கி வரத் தொடங்கியதைப் பார்த்ததும் நான் கடுமையாகச் சத்தமிட்டு மூவரையும் கரையேற்றினேன். அவர்கள் ஏறி நின்ற சிறிது நேரத்தில் நீரின் நிறம் தேத்தண்ணீர் போல மாறியது. முதலில் இலைகளும் சுள்ளிகளும் வந்தன, பிறகு நுரை வந்தது, அதன் பின் அடியில் கற்கள் உருளும் தடித்த ஓசை கேட்டது. கால்மணி நேரத்துக்குள் பிள்ளைகள் அமர்ந்திருந்த பாறையைக் காணவில்லை. சின்னவள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “பெரியம்மா, நாங்கள் இருந்த கல் எங்கே?” என்று கேட்டபோது தம்பி எதுவும் பேசாமல் நின்றான்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் பிறகு ஐயாவிடம் நீண்ட நேரம் கதைத்து விளங்கிக்கொண்டேன். அந்த ஓடை மேலே இரண்டு மூன்று மலை முகடுகளின் நீரைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. சரிவு செங்குத்தானது, மண் ஆழமில்லாதது; காடு வெட்டித் தேயிலை நட்ட சரிவில் மழைநீர் தங்கி ஊறுவதற்கு நேரமில்லை. முகட்டில் ஒரு மணி நேரம் பெய்த மழை, வெயில் எரிக்கும் கீழ்ப்பகுதிக்கு வெள்ளமாக வந்து சேரும். யாழ்ப்பாணத்தில் மழை நிலத்துக்குள் இறங்கி, கிணற்று நீர் நாட்கணக்கில் படிப்படியாக உயரும். எங்கள் கண்ணும் மனமும் அந்த வேகத்துக்குத்தான் பழகியவை. மலை ஓடையில் இறங்குவதற்கு முன் மேல் முகட்டைப் பார்க்க வேண்டும். அது முகிலால் மூடியிருந்தால் இறங்கக் கூடாது. நீர் கலங்கினாலோ, சருகுகள் வழக்கத்துக்கு மாறாக மிதந்து வந்தாலோ, ஓசை தடித்தாலோ காரணம் தேடாமல் கரையேற வேண்டும். ஆற்றின் நடுப் பாறையிலோ மறுகரையிலோ பிள்ளைகளை விடக் கூடாது. திரும்பும் வழி முதலில் மூழ்கிவிடும். எல்லாவற்றிலும் மேலாக, அந்த ஊரில் வாழ்பவர் ஒருவரிடம் கேட்காமல் எந்த நீரிலும் இறங்கக் கூடாது.

ஐயாவின் மனைவி இன்னொன்றையும் கற்பித்தார். முதல் நாள் மாலை பாத்திரங்களை ஓடையில் சவர்க்காரம் போட்டுக் கழுவ நான் கொண்டுபோனபோது அவர் பணிவோடு தடுத்தார். கீழே உள்ள லயன்களுக்குக் குழாய் மூலம் போகும் குடிநீர் அந்த ஓடையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதன் பிறகு எப்போதும் வாளியில் நீர் எடுத்து, ஓடையிலிருந்து விலகிப் புல்தரையில் கழுவினோம். குப்பையையும் சாக்குப் பையில் கட்டி நகரம் வரும்வரை கொண்டுபோனோம். கழிப்பறைக்கு எரிபொருள் நிலையங்களையும் சிறிய தேநீர்க் கடைகளையும் நம்பினோம். ஐந்து பேருக்குத் தேநீர் வாங்கினால் எந்தக் கடையிலும் முகம் சுளிக்கவில்லை.

நுவரெலியாவில் குளிரைவிட ஈரம்தான் தொல்லை தந்தது. மனைவியும் பிள்ளைகளும் பின்னால் படுக்க, நானும் தம்பியும் முன் இருக்கைகளில் சாய்ந்திருந்தோம். கண்ணாடிகளை முழுவதும் மூடியிருந்ததால் ஐந்து பேரின் மூச்சும் தகட்டில் நீராகி நள்ளிரவில் மெத்தைமேல் சொட்டியது. எதிரெதிர்க் கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு திறந்து, கொசுவலைத் துணியைப் பொருத்தியிருக்க வேண்டும். குளிருக்காகக் காஸ் அடுப்பை உள்ளே பற்றவைப்போமா என்று தம்பி கேட்டான். நான் உறுதியாக மறுத்தேன். மூடிய இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து வரும் காபன்மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குபவர்கள் விழிக்க மாட்டார்கள். சமையல் எப்போதும் வெளியே, கதவு திறந்திருக்க, காற்றுக்கு மறைவாக நடந்தது. 1868 மீற்றர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் சோறு வேகாமல் நின்றது. பிறஷர் குக்கர் கொண்டுபோகாதது எங்கள் பிழை. ஒடியல் மாப் புட்டும், பருத்தித்துறை வடையும், மனைவி இடித்துக் கட்டிக்கொண்டு வந்த மிளகாய்த்தூளும்தான் அந்த இரவைக் காப்பாற்றின.

மறுநாள் சீதா எலியவில் ஓடைக்கரையில் உள்ள சீதை அம்மன் கோயிலில் இறங்கி வழிபட்டு, ஹக்கலையைக் கடந்து வெலிமடை நோக்கி இறங்கினோம். மெக்கானிக் அத்தனை தடவை சொல்லியும் நான் மூன்றாம் கியரில் பிறேக்கை அழுத்தியபடியே இறங்கினேன். சில கிலோமீற்றரில் கருகிய மணம் வந்தது, பிறேக் மிதி ஆழமாகப் போகத் தொடங்கியது. நல்வேளையாகச் சாலையோரத்தில் அகன்ற இடம் கிடைத்தது. சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம் என்று வழிப்போக்கர் ஒருவர் சொன்னார். சூடேறிய இரும்பில் குளிர்நீர் பட்டால் வெடிக்கும் என்று மெக்கானிக் முன்பே சொல்லியிருந்ததால் செய்யவில்லை. எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும், பிறேக்கை இடையிடையே அழுத்தி விட வேண்டும், பின்னால் வரும் பேருந்து ஒலி எழுப்பினால் ஒதுங்கி வழிவிட வேண்டும், அதற்காக வேகத்தைக் கூட்டக் கூடாது. அதன் பிறகு பயணம் முழுவதும் இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். இயந்திரம் இரைந்தாலும் பிறேக் குளிர்ந்தே இருந்தது.

ஊவா எங்களுக்குத் தந்தது ஓய்வு. பிதுருதலாகலைச் சரிவில் தொடங்கும் உமா ஓயா வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்கு நடுவே மெலிந்து ஓடியது. கரையில் ஒரு விவசாயியின் அனுமதியோடு அவருடைய வளவில் இரண்டு இரவு தங்கினோம். முகடுகள் தெளிந்திருந்தன, அவர் காட்டிய இடத்தில் மட்டும் குளித்தோம். காலையில் ஈரமான புல்லில் நடந்து வந்தால் காலில் அட்டை ஒட்டியிருக்கும். அதைப் பிடித்து இழுக்காமல் உப்போ தேசிக்காய்ச் சாறோ விட்டால் தானாக விழுந்துவிடும். எல்ல பக்கத்து இராவணன் அருவியையும் பதுளைக்கு அருகே 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் துன்ஹிந்தை அருவியையும் பார்த்தோம். இரண்டும் பார்ப்பதற்கு உரியவை. அடியில் சுழியும் வழுக்குப் பாறையும் உள்ளன, குளிக்க இறங்கும் இடங்கள் அல்ல.

தங்கும் இடத்தை மாலை நாலு மணிக்குள் தெரிவு செய்துவிட வேண்டும் என்பதை இந்தப் பயணத்தின் சட்டமாக வைத்திருந்தோம், அதை ஒருமுறையும் மீறவில்லை. வெளிச்சத்தில்தான் மேலே உள்ள மலைச்சரிவை ஆராய முடியும்: புதிதாக வெட்டிய மண் சுவர், சாய்ந்த மரங்கள், நிலத்தில் வெடிப்பு, திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அங்கே தங்கக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்தை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் அறிவிக்கிறது. காலையும் மாலையும் அதைப் பார்த்தோம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும், இலவச அம்புலன்சுக்கான 1990 என்ற இலக்கத்தையும் பிள்ளைகள் உட்பட எல்லோரும் மனப்பாடம் செய்திருந்தோம்.

மலையிலிருந்து இறங்கி மகியங்கனையை அடைந்தபோது மகாவலி வேறோர் ஆறாக இருந்தது. விக்ரோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை அணைகளைத் தாண்டி வரும் அந்த அகன்ற நீர் அமைதியாகத் தோன்றும். ஆனால் மேலே நீர் திறந்துவிடப்பட்டால் மழையின்றியே மட்டம் உயரும். மலை ஓடையில் முகிலைப் பார்த்தோம். இங்கே ஊர்க்காரரிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. நாங்கள் கேட்டோம், இன்று வேண்டாம் என்றார்கள், இறங்கவில்லை. தம்பிதான் முதலில் சரி என்று சொல்லி வானில் ஏறினான்.

யானைகள் நடமாடும் பகுதி என்பதால் அங்கிருந்து வானில் உறங்காமல் விடுதி அறை எடுத்தோம். கடைசி நாள் மன்னம்பிட்டிப் பாலத்தில் மகாவலியை இறுதியாகக் கடந்தோம். 335 கிலோமீற்றர் ஓடி மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் அது கடலில் சேர்கிறது என்று சொன்னபோது, இறம்பொடையில் பாறையை மறைத்த நீரும் இதில் இருக்கிறதா என்று மூத்தவன் கேட்டான். கொத்மலை ஓயா மகாவலியில்தான் கலக்கிறது, ஆகவே இருக்கும் என்றேன். பொலனறுவை, ஹபரணை வழியாகப் பகலிலேயே ஏ9 சாலையைப் பிடித்து இரவு ஒன்பதுக்கு வீடு வந்தோம்.

மறுநாள் காலை முகம் கழுவக் கிணற்றடிக்குப் போன மூத்தவன் வாளியை விடாமல் கிணற்றுக் கட்டில் சாய்ந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். “பெரியப்பா, இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்டான். போன கார்த்திகையில் எங்கள் வளவிலும் பக்கத்து வயலிலும் பெய்த மழை, இன்னும் எங்கேயும் போகாமல் இருக்கிறது என்று சொன்னேன். அவன் வாளியைக் கவனமாக இறக்கினான்.